கதை கொடுங்கள், பிரசங்கம் வேண்டாம்!



பள்ளிக்கூடம் லீவு விடுகிற சமயம் வந்தாலே, எனக்கு வரும் கடிதங்களில் பாதி பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்பவையாக இருக்கும். இந்த முறை ஒரு சகோதரி கொஞ்சம் மனக்குறையோடு எழுதியிருக்கிறார். அவருடைய பையனுக்கு ஒன்பது வயது. சர்ச் பண்டிகையில் போட்டிருந்த புத்தகக் கடையில் நல்ல படம் போட்ட பைபிள் கதைப் புத்தகங்களாக நாலைந்து வாங்கிக் கொடுத்தாராம். பையனும் ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு, கேட்டால் அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறானாம். "ஆனால் பொய் சொல்வது மட்டும் நிற்கவில்லை. போன வாரம் கூடப் படிக்கிற பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸ் இவன் பையில் இருந்தது. நல்ல கதை படித்தால் நல்ல குணம் வரும் என்கிறார்களே, அது நிஜந்தானா?" என்று கேட்டிருக்கிறார்.

நிஜந்தான். ஆனால் கதை என்பது கஷாயம் அல்ல, காலையில் கொடுத்து சாயங்காலம் ஜுரம் இறங்கியதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்கு. அது சோறு மாதிரி. இன்றைக்குச் சாப்பிட்ட சோறு எந்த எலும்பில் போய்ச் சேர்ந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? தினமும் போட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளை வளர்ந்திருப்பது ஒரு நாள் தெரியும். அது ஒன்று. இன்னொன்று, நம்மில் பல பேர் கதையைக் கொடுத்த கையோடு, "பாத்தியா? நீயும் இப்படித்தான்!" என்று ஒரு குட்டும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். அந்த இடத்தில்தான் கதை கெட்டுப்போகிறது.

எங்கள் வீட்டுத் திண்ணையில்

எங்கள் மங்கலம் திருப்பூருக்குப் பக்கத்தில், நொய்யல் ஓரத்து ஊர். ஒரு தெருவில் தறிச் சத்தம், அடுத்த தெருவில் பனியன் கம்பெனி. அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் லீவு நாளில் பிள்ளைகளுக்கு செல்போன்தான் காவல். அதனால் மே மாதத்தில் மத்தியானம் இரண்டு மணி நேரம் எங்கள் திண்ணையில் எட்டுப் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை படிப்பேன். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டில் இருப்பவையும் பெரும்பாலும் அந்தப் புத்தகங்கள்தான்.

ஒரு நாள் மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் வருகிற திராட்சைத் தோட்டத்துக் கதை படித்தேன். தோட்டக்காரர் விடியற்காலையில் போய் ஒரு நாள் கூலி பேசி ஆள் கூட்டி வருகிறார். நடுவில் மூன்று தரம் போய் இன்னும் கொஞ்சம் பேரைக் கூட்டி வருகிறார். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும், சும்மா நிற்கிறவர்களைக் கண்டு வேலைக்கு அனுப்புகிறார். கடைசியில் எல்லோருக்கும் ஒரே கூலி!

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான் ஒரு பையன். அவன் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. "ஏனுங்க அத்தை, இது எந்த ஊர் நியாயமுங்க? எங்கம்மா காலைல போயி ஒண்ணரை ஷிப்டு பாக்குது. சாயங்காலம் வந்தவங்களுக்கும் அதே சம்பளமுன்னா அப்புறம் எவன் காலைல வருவான்?" என்றான். எல்லாப் பிள்ளைகளும் அவன் கட்சி. பீஸ் ரேட்டும் வாரச் சம்பளமும் கேட்டு வளர்கிற பிள்ளைகள் அல்லவா? கணக்கு விரல் நுனியில் இருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து மூலையில் இருந்த ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். "அவங்களை யாருமே வேலைக்குக் கூப்பிடலைன்னுதானுங்க நின்னுட்டிருந்தாங்க? நூல் விலை ஏறித் தறி நின்னப்ப எங்கப்பாவும் அப்படி நின்னிருக்காருங்க. வேலை இல்லாத அன்னிக்கும் எங்களுக்குப் பசிக்குமுல்லீங்க?"

திண்ணையே அமைதியாகிவிட்டது. கேள்வி கேட்ட பையன் கூட மறுபேச்சுப் பேசவில்லை. "அப்படின்னா சரி" என்றும் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அந்த யோசனைதான் வேண்டியது. "கடவுளின் கிருபை எல்லோருக்கும் சமம்" என்று நான் முந்திக்கொண்டு ஒரு வரியில் முடித்திருந்தால், அந்தப் பெண் வாயைத் திறந்திருக்கவே மாட்டாள்.

இந்தச் சின்னக் கதை பெரியவர்களையும் விட்டதில்லை. ஜான் ரஸ்கின் என்ற ஆங்கிலேயர் 1860இல் எழுதிய பொருளாதாரக் கட்டுரைகளுக்கு, இந்தத் தோட்டத்துக் கதையில் கடைசியாக வந்த கூலிக்காரரைக் குறிக்கும் சொற்களையே தலைப்பாக வைத்தார். 1904இல் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் போகும்போது காந்திஜி அந்தப் புத்தகத்தைப் படித்தார். இரவு முழுக்கத் தூக்கமில்லை. அந்த வருஷமே டர்பனுக்குப் பக்கத்தில் ஃபீனிக்ஸ் குடியிருப்பை ஆரம்பித்தார். 1908இல் அந்தப் புத்தகத்தின் சாரத்தைக் குஜராத்தியில் எழுதி, 'சர்வோதயம்' என்று பெயர் வைத்தார். எத்தனை தூரம் போயிருக்கிறது பாருங்கள், ஒரு கூலிக்காரக் கதை!

திட்டு நுழையாத இடத்தில் கதை நுழையும்

இதற்கும் பைபிளிலேயே ஒரு கதை இருக்கிறது. தாவீது ராஜா தன் போர்வீரன் ஒருவனுக்குப் பெரிய துரோகம் செய்துவிட்டார். ராஜாவைப் பார்த்து யார் கேட்பது? நாத்தான் என்ற தீர்க்கதரிசி போனார். குற்றம் சாட்டவில்லை, ஒரு கதை சொன்னார். ஒரு பணக்காரனிடம் ஏராளமான ஆடுகள். பக்கத்தில் ஒரு ஏழையிடம் ஒரே ஒரு குட்டி; மகள் மாதிரி மடியில் வைத்து வளர்க்கிறான். பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தபோது, தன் ஆட்டைத் தொட மனசில்லாமல் ஏழையின் குட்டியைப் பிடித்து அடித்துச் சமைத்துவிட்டான். கேட்ட ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யார் அந்தப் பாவி?" என்று துடித்தபோதுதான், அந்த ஆள் வேறு யாருமில்லை, ராஜாதான் என்றார் நாத்தான்.

நாத்தான் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லத்தான் செய்தார். ஆனால் அதற்குள் ராஜாவின் மனசு தானாகவே நியாயத்தின் பக்கம் வந்துவிட்டது. நேராகத் திட்டியிருந்தால் ஆயிரம் சாக்குச் சொல்லியிருப்பார். நம் வீட்டு ராஜாக்களும் அப்படித்தானே?

ஜாமெட்ரி பாக்ஸ் எடுத்து வந்த பையனுக்கு டால்ஸ்டாய் 1885இல் எழுதிய செருப்புத் தைக்கும் மார்ட்டின் கதையைப் படித்துக் காட்டலாம். மனைவி, பிள்ளையை இழந்த தொழிலாளி அவர். இயேசு தன்னைப் பார்க்க வரப் போகிறார் என்று கனவு மாதிரி ஒரு குரல் கேட்டு, நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வந்தவர்களெல்லாம் பனி அள்ளும் கிழவர், கைக்குழந்தையோடு குளிரில் நடுங்கும் ஒரு பெண், ஆப்பிள் விற்கிற பாட்டி, அவள் கூடையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்த ஒரு பையன். பாட்டி அவன் முடியைப் பிடித்துக்கொண்டு போலீஸுக்கு இழுக்கிறாள். மார்ட்டின் ஓடி வந்து விலக்கி, பையனை மன்னிப்புக் கேட்க வைக்கிறார். ஆப்பிளுக்குக் காசு தானே தருவதாகச் சொல்லி, அதை எடுத்துப் பையன் கையிலேயே கொடுக்கிறார். பாட்டி மூட்டையைத் தூக்கும்போது அந்தப் பையன் முன்னால் வந்து, "நான் தூக்கி வரேன் பாட்டி" என்கிறான். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போகிறார்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். "நீ கூட ஜாமெட்ரி பாக்ஸ்..." என்று ஆரம்பிக்காதீர்கள். அவனுக்குத் தெரியும்.

அதற்காகச் செய்ததைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று சொல்லவில்லை. எடுத்த பொருளை அவனே கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். நாம் கூடப் போகலாம். ஆனால் 'திருடன்' என்ற பட்டம் மட்டும் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. விக்டர் ஹ்யூகோ 1862இல் எழுதிய கதையில், வெள்ளிச் சாமான்களைத் திருடிப் பிடிபட்டவனைப் பார்த்து, "நான் கொடுத்தவைதானே, விளக்குத் தண்டுகளை ஏன் விட்டுவிட்டுப் போனாய்?" என்கிற தோரணையில் பேசி அவற்றையும் கொடுத்து அனுப்புகிறாரே ஒரு பிஷப், அவரால்தான் அந்த மனிதன் திருந்துகிறான். சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்த கதைதான். 1950இல் நம் கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோ அதை வி. நாகையாவை வைத்துப் படமாகவும் எடுத்தது. புத்தகத்தில் மன்னிப்பு, வீட்டில் விளக்குமாறு என்றிருந்தால் பிள்ளை எதை நம்புவான்?

எந்தப் புத்தகம் நல்ல புத்தகம்?

நல்ல பிள்ளைக்கு உடனே மிட்டாய், கெட்ட பிள்ளைக்கு உடனே காலொடியும் என்கிற புத்தகங்களை ஒதுக்கி வையுங்கள். இந்த மாதிரிப் புத்தகங்கள் அமெரிக்காவில் ஞாயிறு பள்ளிகளில் மலிந்து கிடந்த காலத்தில், மார்க் ட்வைன் 1865இல் ஒரு கெட்ட பையன் கதையும் 1870இல் ஒரு நல்ல பையன் கதையும் எழுதிக் கேலி செய்தார். அவர் கதையில் கெட்ட பையனுக்கு ஒன்றும் ஆகாது. நல்ல பையனுக்குத்தான் எல்லாக் கஷ்டமும்! பிள்ளைகள் முட்டாள்கள் அல்ல. வகுப்பில் காப்பியடித்தவன் மார்க் வாங்குவதைத் தினமும் பார்க்கிறார்கள். "நல்லது செய்தால் லாபம்" என்று சொல்லிக் கொடுத்தால், லாபம் வராத அன்றைக்கு நல்லதையும் விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது, கதையைப் பாதியில் வெட்டிய புத்தகம் வேண்டாம். லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வருகிற ஊதாரிப் பிள்ளை கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி திரும்பி வந்தான், அப்பா கட்டிக்கொண்டார், விருந்து நடந்தது, சுபம் என்று சில சிறுவர் பதிப்புகளில் முடித்துவிடுகிறார்கள். மூலத்தில் அப்புறந்தான் அண்ணன் வருகிறான். "இத்தனை வருஷம் உழைத்த எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி கூட இல்லை, ஓடிப்போனவனுக்கு விருந்தா?" என்று வாசலிலேயே நின்றுவிடுகிறான். அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார். அண்ணன் உள்ளே போனானா, இல்லையா? கதையில் இல்லவே இல்லை! இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மூத்ததின் மனசில் இருக்கிறதெல்லாம் வெளியே வரும்.

மூன்றாவது, சிரிப்பும் வேண்டும். வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார். 1680 முதல் 1747 வரை வாழ்ந்தவர். தேம்பாவணி பாடிய அதே கையால்தான் பரமார்த்த குரு கதையும் எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்துவிட்டு, தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒரு ஆளைக் காணோமே என்று அழுவதைப் படித்தால், உருண்டு புரண்டு சிரிக்காத பிள்ளை உண்டா? அதில் பிரசங்கம் ஒரு வரி கிடையாது. ஆனால் "என்னை நான் எண்ணினேனா?" என்று கேட்கிற புத்தி வந்துவிடுகிறது.

நான்காவது, வயது பார்த்துக் கொடுங்கள். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கு நரக நெருப்புப் படமும் ரத்தக் காட்சியும் வேண்டாம். ராத்திரி தூக்கத்தில் அலறும். பயம் வருமே தவிர பக்தி வராது. காணாமல்போன ஆட்டுக்குட்டி, நோவாவின் பேழை போன்றவை போதும். ஏழெட்டு வயதுக்கு யோசேப்பு, ரூத், நல்ல சமாரியன். பத்து வயதுக்கு மேல் ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்'.

கடைசியாகச் சொன்ன புத்தகத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பனியன் என்றதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்! இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைத்துக் கொடுக்கிற தொழிலாளி அவர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660இல் பிடித்துப் பன்னிரண்டு வருஷம் சிறையில் வைத்தார்கள். புத்தகம் வந்தது 1678இல். முதுகில் மூட்டையோடு மோட்சத்துக்கு நடக்கிற ஒருவனின் கதை. நம் நெல்லைச் சீமைக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை அதைத் தழுவித்தான் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தைப் பாடி, 1894இல் வெளியிட்டார். அந்தப் பயணத்தில், அவநம்பிக்கை என்ற ராட்சசன் வழிப்போக்கர் இருவரைக் கோட்டைக்குள் பூட்டி, இனி உங்களுக்கு விடிவே இல்லை, செத்துப் போங்கள் என்று தூண்டுகிற இடம் ஒன்று வருகிறது. சில நாள் கழித்துத்தான், பூட்டைத் திறக்கும் சாவி தன் மடியிலேயே இருந்தது ஒருவனுக்கு ஞாபகம் வருகிறது. பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தால் உயிரையே விடத் துணிகிற பிள்ளைகள் இருக்கிற காலத்தில், இந்த ஒரு அத்தியாயத்தை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து படிக்கலாம். சாவி இருக்கிறது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் அம்மா!

அம்மாவைக் கேட்டுவிட்டு

எங்கள் திண்ணைக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருவதால், முதல் நாளே ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்லிவிடுவேன். ஒரு தரம் பக்கத்துத் தெரு அம்மிணி பட்டென்று கேட்டாள். "ஏனுங்க்கா, இதெல்லாம் படிச்சா எம் பையன் உங்க சாமிக்கு மாறிருவானுங்களா?"

"கதைக்குத்தான் கூப்பிடறேன் அம்மிணி, ஜெபத்துக்கு இல்ல. நீயும் ஒரு நாள் வந்து உக்காந்து பாரு. புடிக்கலைன்னா அனுப்ப வேண்டாம்" என்றேன். வந்தாள். அடுத்த வாரம் அவளே அண்ணமார் சாமி கதையைச் சொன்னாள். பிள்ளைகள் அவளை எழுந்திருக்க விடவில்லை. யோசேப்பை அண்ணன்மார் குழியில் தள்ளிய கதையைப் படித்த அன்று, முஸ்லிம் வீட்டுப் பிள்ளை ஒருவன், "இது எங்க யூசுப் நபி கதைங்க!" என்று துள்ளினான். அப்புறம் மீதிக் கதையை அவன்தான் சொன்னான்.

கிறிஸ்தவத் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நம் புத்தகந்தான் நல்லது என்று பஞ்சதந்திரத்தையும் தெனாலிராமனையும் பூட்டி வைக்காதீர்கள். ஊரார் கதை தெரியாத பிள்ளை ஊராரோடு ஒட்டாது. அதே மாதிரி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மதக் கதைப் புத்தகம் கொடுப்பதானால் அதன் தாயைக் கேட்டுவிட்டே கொடுங்கள். ஒளித்துக் கொடுக்கிற புத்தகம் எவ்வளவு நல்லதாயிருந்தாலும், முதலில் அது கற்பிப்பது ஒளிப்பதைத்தான்.

காசில்லாமலும் முடியும்

புத்தகம் வாங்க வசதியில்லையே என்று கவலைப்பட வேண்டாம். சார்லஸ் டிக்கன்ஸ் என்ற பெரிய நாவலாசிரியர், 1846இலிருந்து 1849 வரையில் இயேசுவின் கதையைத் தம் பிள்ளைகளுக்காக மட்டும் எளிய நடையில் எழுதி வைத்தார். அச்சில் போடக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டார். அவர் பிள்ளைகளெல்லாம் காலமான பிறகு, 1934இல்தான் அது வெளியே வந்தது. உலகமே அவர் புத்தகத்துக்குக் காத்திருந்தபோது, வீட்டுக்கென்று தனியாக ஒன்று எழுத அவருக்கு மனசிருந்தது. நாமும் ஒரு நாற்பது பக்க நோட்டில் நம் பாட்டி சொன்னது, சர்ச்சில் கேட்டது, பத்திரிகையில் படித்தது என்று எழுதி வைத்தால் ஆகாதா? பிள்ளையையே படம் வரையச் சொல்லலாம். பள்ளிக்கூட நூலகம், ஊர் நூலகம் இருக்கவே இருக்கின்றன. 1858இல் ஆரம்பித்த கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் போன்ற பழைய பதிப்பகங்களின் கடைக்குப் போனால் சின்னப் புத்தகங்கள் பார்த்து எடுக்கலாம். வாங்குவதற்கு முன் நின்றபடியே பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். நமக்கே கொட்டாவி வந்தால் பிள்ளைக்கு வேண்டாம்.

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன பண்ணுவே?" என்று கேட்கலாம், பதில் வராவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். பிள்ளையின் கேள்வி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தலை பின்னிக்கொண்டிருக்கும்போது வரும். பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும். விளக்கை அணைத்த பிறகு இருட்டில், "அம்மா, அந்த அண்ணன் உள்ளே போனானா?" என்று வரும். அப்போது எவ்வளவு அசதியாக இருந்தாலும், "தூங்குடா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.